குடியை விட்ட வாய்

விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைப்பார்கள். எங்கள் மாவட்டத்துக்கு வெளியே இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. கருப்பமுத்துப் பிள்ளை என்று ஒரு பக்தர், வெள்ளிக்கிழமை தவறாமல் மலைக்கு வருகிறவர். ஒரு நாள் அடைமழை, மாமுண்டி ஆற்றில் வெள்ளம். இக்கரையில் மாட்டிக்கொண்டார். குளிரில் உடம்பு நடுங்குகிறது, கையில் சுருட்டு இல்லை. யாரோ ஒருவர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து, ஆற்றையும் கடத்திவிட்டு, மறைந்துபோனார். கோயிலுக்குள் போய்ப் பார்த்தால் சாமிக்கு முன்னால் சுருட்டு கிடக்கிறது. அன்றிலிருந்து இந்தப் படையல் என்பது ஊரில் வழங்கும் கதை. பிறகு புதுக்கோட்டை மன்னர் ஒருவர் இதை நிறுத்தச் சொன்னதாகவும், முருகன் கனவில் வந்து தடுத்ததாகவும் ஒரு தொடர்ச்சி உண்டு.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், இது பழக்கத்துக்கு ஆட்பட்ட ஒரு மனிதனின் நடுக்கத்தைப் பற்றிய கதை. வந்தவர் புத்திமதி சொல்லவில்லை. முதலில் நடுக்கத்தை நிறுத்தினார், அப்புறம்தான் கரை சேர்த்தார். சுருட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. புகையிலை ஒரு வாயை என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் இருக்கும் வரிசை சரி என்று படுகிறது. குடிநோயும் வாய்ப்புற்றும் ஒரே உடம்பில் சேர்ந்துவிட்ட ஒருவரிடம் நாம் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். முதலில் புத்திமதி. நடுக்கம் அவர் பாடு.

என் மாமா, அம்மாவின் தம்பி, போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போனவர். ராத்திரியெல்லாம் இரைச்சல், கல்புழுதி, தூக்கமில்லாத வேலை. கன்னத்தில் எந்நேரமும் ஹான்ஸ் புகையிலை அதக்கியிருப்பார். வேலை முடிந்தால் குவார்ட்டர், வேலை இல்லாத நாளில் அதற்கும் மேலே. நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்தபோது, எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாரும் சொல்வதைத்தான் அத்தையும் சொன்னார்: "சூடுங்க. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காப்பால் ஊத்தி வச்சுத் தாரேன், ஆறிரும்." கீரையில் குற்றமில்லை. இரண்டு மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான். சில மாதங்கள் கீரையிலேயே போயின. காது வரைக்கும் வலி ஏறிய பிறகுதான் ஆஸ்பத்திரி.

மது புற்றுநோய்க் காரணி என்பது புதிய சேதி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே அதை முதல் வகைக் காரணிகளில், புகையிலையின் வரிசையிலேயே, சேர்த்துவிட்டது. குடித்த சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அந்த மாற்றம் ஈரலில் மட்டும் நடப்பதில்லை. வாயில் இருக்கும் கிருமிகளே எச்சிலுக்குள் அந்த வேலையைத் தொடங்கிவிடுகின்றன. புகையிலையும் கூடச் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது. புகையிலையின் நஞ்சு வாயின் மெல்லிய தோலுக்குள் இறங்க மதுவே வழி திறந்துவிடுகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் என்று வழிநெடுக ஒரே தோல், பல வருஷம் ஒரே நஞ்சில் ஊறியது. ஓரிடத்துப் புற்றை அறுத்து எடுத்தாலும் இன்னோரிடத்தில் புதிதாக ஒன்று முளைக்கக் கூடும். "வர வேண்டியது வந்தாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போவுது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். குடியையும் புகையிலையையும் விடாதவருக்குத் தையல் ஆறத் தாமதமாகிறது, கதிர்வீச்சின் புண் கடுமையாகிறது, அடுத்த புற்றுக்கு வாசல் திறந்தே கிடக்கிறது. விடுவதில் பலன் உண்டு, நோய் வந்த பிறகும் உண்டு.

ஆனால் எப்போது விடுவது, எப்படி விடுவது என்பதை யாரும் சொல்வதில்லை.

அறுவைக்கு முன்னால் கேள்விப் பட்டியலில் குடிப்பழக்கம் உண்டா என்று ஒன்று வந்தது. மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு, "எப்பவாச்சும், நல்லது பொல்லதுக்கு" என்றார். கேட்டவர் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அதை எழுதிக்கொண்டார். அத்தை சொன்னது பொய்தான். ஆனால் குடிகாரன் என்று தெரிந்தால் ஆபரேஷன் பண்ண மாட்டார்கள், கட்டில் தர மாட்டார்கள் என்று வெளியில் திண்ணையில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி இருந்த அந்த ஊரில் எங்களுக்கு வேறு யாரையும் தெரியாது.

நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்தின் நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். மூக்கில் சோற்றுக் குழாய், தொண்டையில் மூச்சுக் குழாய். மூன்றாம் நாள் ராத்திரி மாமா எழுந்து உட்கார்ந்தார். பேச முடியாது. வலது கையை நீட்டி, இல்லாத ஒரு லிவரைப் பிடித்து இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். உடம்பு வேர்வையில் நனைந்திருந்தது. கண் எங்களைத் தாண்டி எங்கோ நின்றது. இடது கையால் மேலே பார்க்கச் சொல்லி எங்களை அதட்டினார். கட்டிலுக்கு மேலே மின்விசிறி. அவருக்கு அது போர்வெல் ராடு. சிக்கிக்கொண்ட ராடைத் தூக்கிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அப்படியே ஒரு கிணறு தோண்டினார். பிறகு மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டார். பக்கத்துக் கட்டில் பாட்டி திருநீறு கொடுத்து, "காத்து கருப்பு அண்டிருச்சு தாயி" என்றார்.

அது காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. தினமும் அளவுக்கு மேல் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கைநடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு இந்தப் பிதற்றல் வரும், சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே எடுத்துவிடும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் இதைப் பெரும்பாலும் தடுக்கலாம். தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி, நரம்பை அமர்த்தும் மாத்திரையைக் கூடக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது, பக்கத்தில் கண்காணிப்பு. விலை கூடிய மருந்து எதுவும் இதில் இல்லை. ஒரு மனநல மருத்துவரோ விஷயம் தெரிந்த மயக்க மருத்துவரோ போதும். உண்மையான அளவும் கடைசியாகக் குடித்த நேரமும் தெரிந்தால் போதும். தலையிலும் கழுத்திலும் புற்று வந்தவர்களில் குடிப்பவர்கள் நிறைய இருப்பதால் இந்த மூன்றாம் நாள் ராத்திரி அந்த வார்டுகளுக்குப் பழக்கமான ஒன்று.

எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்துவதற்கு வைத்தியர்களைவிடச் சாமிகள்தான் அதிகம். கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போடுவார்கள். இந்த வழியை நான் கேலி செய்ய மாட்டேன். ஊரே சாட்சியாக நிற்க, 'சாமி' என்று மரியாதையோடு கூப்பிட, சேக்காளிகளே கடைக்கு அழைக்காத ஒரு மண்டலம் கிடைக்கிறதே, அது எந்தச் சிகிச்சை மையமும் தர முடியாத ஏற்பாடு. ஆனால் மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவருக்கு வலிப்பு வந்தால், சுத்தபத்தம் குறைந்துவிட்டது, சாமி குத்தம் என்பார்கள். மாலையும் போடலாம், மாலைக்கு முன்னால் மருத்துவரையும் பார்க்கலாம். இரண்டுக்கும் பகையில்லை.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

குடியை விட்டவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும், விட்ட சில வாரங்களில் சில பரிசுகள் வரும். பசி எடுக்கும். பல வருஷம் கழித்து மீன்குழம்பு மீன்குழம்பாக ருசிக்கும். கன்னம் நிரம்பும், "ஆளே மாறிட்டியேப்பா" என்பார்கள். பிள்ளைகளோடு பேச்சு திரும்பும். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட முடியும். இந்தப் பரிசுகள்தான் அடுத்த வாரத்துக்கும் அவரை இழுத்துப் போகின்றன. எண்ணிப் பார்த்தால் எல்லாமே வாய் வழியாகவும் முகம் வழியாகவும் வருகிறவை.

வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் சரியாக அதே இடத்தில் கை வைக்கின்றன. கதிர்வீச்சு என்றால் வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம். தலை அசையாமலிருக்க முகத்தோடு அச்செடுத்த வலைமூடியை மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தொடங்குமுன் கெட்ட பல்லைப் பிடுங்கிவிடுவார்கள், பின்னால் பிடுங்கினால் தாடையெலும்பு அழுகும் ஆபத்து உண்டு. மூன்றாம் வாரம் வாக்கில் வாயெல்லாம் வெந்து போகும். எச்சில் வற்றும். ருசி போகும். சிலருக்குத் தாடை இறுகும். ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடுக்கில் செருகி, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டி, வாயைத் திறந்து பழக வேண்டும். கதிர்வீச்சு முடிந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய நாளில் மாமா குழறலாகச் சொன்னார்: "மாப்ளே, குடிச்சப்பவும் ருசி தெரியல. விட்டப்பறமும் தெரியல. அப்ப எதுக்குடா விட்டேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. குடியை விடச் சொல்லி எழுதப்படும் புத்தகங்களிலும் இதற்குப் பதில் பார்த்ததில்லை. அவை எல்லாம் விட்டால் வாழ்க்கை திரும்பும் என்று உறுதி கொடுப்பவை. பரிசே இல்லாமல் தெளிவாக இருக்கச் சொல்வது வேறு கணக்கு.

பேச்சும் அப்படித்தான். 1935-ல் அமெரிக்காவில் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தபோது அதன் கையில் இருந்த ஒரே மருந்து பேச்சு. ஒரு குடிநோயாளி இன்னொருவரிடம் தன் கதையைச் சொல்வது. இந்தியாவிலும் அதே முறைதான். குரல்வளையை எடுத்துவிட்ட ஒருவர் அந்தக் கூட்டத்தில் என்ன செய்வார்? சிலர் எழுதிக் காட்டுகிறார்கள், பக்கத்தில் இருப்பவர் வாசிக்கிறார். சிலர் கழுத்தில் வைக்கும் குரல் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். சிலர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள், அதற்கும் அங்கே இடமுண்டு. ஏ.ஏ.வின் இரண்டு நிறுவனர்களில் ஒருவரான டாக்டர் பாப், கடைசிக் காலத்தில் குடல் புற்றோடு இருந்தார். 1950 ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டில் உடம்பு முடியாமல் சில நிமிஷமே பேசினார், நவம்பரில் இறந்தார். குடியைத் தொடாமல் பதினைந்து வருஷம். இன்னொரு நிறுவனரான பில், குடியை விட்டவர் சிகரெட்டை வெகுகாலம் விடவில்லை, 1971-ல் நுரையீரல் நோயோடு போய்ச் சேர்ந்தார். குடியை விட்டவருக்குப் புகையிலையையாவது விட்டுவைப்போம் என்ற பரிவு எங்கள் ஊரிலும் உண்டு. வாயில் புற்று வந்தவரிடம் அந்தப் பரிவு காட்டக் கூடாது.

பரிவு என்றதும் இன்னொன்று. கருப்பருக்குச் சாராயம் படைக்கிற ஊர் இது. சாகக் கிடப்பவர் கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு வேதம். அதனால்தான் சேக்காளிகள் மடியில் கட்டிங்கோடு நோயாளியைப் பார்க்க வருகிறார்கள். "பாவம்யா, வலியில கெடக்கான், ஒரு வாய் நனைக்கட்டும்." வாயால் குடிக்க முடியாத ஒருவர், கஞ்சி ஊற்றும் குழாய்க்குள் பிராந்தியை ஊற்றிக்கொண்டதை ஒரு செவிலியர் என்னிடம் சொன்னார். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது, அவருக்கு இல்லை. ருசியும் இல்லை, மணமும் இல்லை, தொண்டை எரிவும் இல்லை. சுகத்துக்காகக் குடிக்கிறான் என்று இன்னும் சொல்கிறவர்கள் அந்தக் குழாயை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

நாள் எண்ணப்பட்டுவிட்ட ஒருவர் கேட்டால், அது அவருடைய உடம்பு, அவருடைய முடிவு. அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் குணமாகக் கூடியவரையே சாகக் கிடப்பவர் என்று ஊர் முன்கூட்டி முடிவு செய்வதை ஒப்புக்கொள்ள முடியாது. வலிக்கு மதுவைவிட நல்ல மருந்து இருக்கிறது, மார்பின். அதைக் கொடுத்தபோது மாமா மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தார். "ஒரு போதைய விட்டுட்டு இன்னொண்ணாடா?" மருத்துவர் அளந்து கொடுக்கும் வலிமருந்து தோல்வி அல்ல என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. முன்னே அடிமையாக இருந்தவருக்கு அளவைக் கவனமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும், உண்மை. கொடுக்காமலிருப்பது கவனம் ஆகாது. வலி தாங்க முடியாதவர் தனக்குத் தெரிந்த மருந்துக்குத்தான் திரும்பிப் போவார்.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய சில சில்லறை விஷயங்களும் உண்டு. குடியை மறக்கக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரையைச் சாப்பிடுகிறவருக்கு மார்பின் வேலை செய்யாது, அறுவைக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். டைசல்பிராம் சாப்பிடுகிறவருக்கு மதுச் சத்துள்ள வாய் கொப்பளிக்கும் மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வெந்த வாய்க்கும் அது ஆகாது. உப்பும் சோடா உப்பும் கரைத்த வெறும் தண்ணீர் போதும். தேறட்டும் என்று நாம் வாங்கிக் கொடுக்கும் அரிஷ்டங்களில் புளித்து ஊறிய மது தானாகவே இருக்கும். லேபிளைப் படியுங்கள்.

நோயின் பெயரால் வருகிற மனிதர்களைப் பாருங்கள். புற்றுநோய் என்றால் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வரும். குடி என்றால் ஒருவரும் வருவதில்லை. இரண்டும் ஒருவருக்கே என்றால் பழத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று, "குடிச்சான், வாங்கிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தைக்கு அது கேட்கும். ஊரில் குடிக்கிறவர்கள் எல்லாருக்கும் புற்று வரவில்லை, ஒரு நாளும் குடிக்காதவர்களுக்கும் வந்திருக்கிறது. தண்டனை என்றால் இப்படித் தாறுமாறாக விழும் தண்டனையா?

இந்த இரண்டு நோய்க்கும் தமிழ்நாட்டில் நல்ல இடங்களை எழுப்பியவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் எங்கள் ஊர்க்காரர். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாகப் படித்து, 1912-ல் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. இன்னொருவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயில் கணவரை இழந்து, 1980-ல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி அவரது குழு மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்குப் போய் முகாம் போட்டது. முகாமில் குடித்தவரோடு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசினார்கள்.

இருவருக்கும் வீட்டுச் சாவுதான் தொடக்கம். ஆனால் ஒருவர் கதவைத் தட்டப் போகிறவருக்கு இன்னொருவர் கதவும் தேவைப்படும் என்பதை நம் மாவட்டத்து ஓ.பி. சீட்டு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. புதுக்கோட்டை முள்ளூரில் 2017-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காது மூக்குத் தொண்டைப் பிரிவும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு. வாய்ப்புற்று என்று உறுதியான அன்றே, கதிர்வீச்சுக்குத் தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ எழுதிக் கொடுக்குமுன், நோயாளி அந்த மனநலப் பிரிவின் படியை ஒருமுறை ஏறி இறங்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைப்பதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். வீடு தேடி வரும் வலி நிவாரணச் செவிலியர், புண்ணுக்கு மருந்து வைத்த கையோடு, "இந்த வாரம் எப்படி இருந்துச்சு, தோணுச்சா?" என்று கேட்கலாம். மாமாவிடம் அப்படி ஒருவர் கேட்டார். மனஉறுதியைப் பற்றி நான் அதிகம் நம்புவதில்லை. அந்தக் கேள்விக்காக அவர் வியாழக்கிழமைகளில் சட்டை மாற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நடுவில் திருவிழா ராத்திரி ஒருமுறை குடித்தார், அடுத்த வியாழன் அதையும் சொன்னார். இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். கஞ்சியும் குழைந்த சோறும்தான் சாப்பாடு.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஓர் அறுவை நாள் குறித்திருந்தால் ஒன்று செய்யுங்கள். மருத்துவரைத் தனியாகப் பார்த்து, தினம் எத்தனை குவார்ட்டர், கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்கு, முன்னால் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று நோயாளி உங்கள் கையைப் பிடித்துத் தடுத்தாலும் சொல்லுங்கள். அவமானம் என்று தோன்றினால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.